வீட்டுக்குக் கீழே நிலக்கரி



ஜெர்மனியில் ரைன் நதியோடு ரூர் நதி வந்து சேரும் இடத்தில் டூயிஸ்பர்க் என்ற உள்நாட்டுத் துறைமுகம் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் நடுவில் அதற்கு ஒரு சங்கடம் வந்தது. ரைன் தன் படுகையை அரித்துக்கொண்டே போனதில் நீர்மட்டம் இறங்கிவிட்டது. துறைமுகத்தின் தரையோ இருந்த உயரத்திலேயே இருந்தது. தரையைத் தோண்டி ஆழப்படுத்தலாம் என்றால் கரைச்சுவர்களின் அடித்தளம் தாங்காது. அங்கிருந்த பொறியாளர்கள் வேறொரு வழி கண்டார்கள். துறைமுகத்துக்கு அடியில் கிடந்த நிலக்கரியை, எந்த இடத்தில் எவ்வளவு, எந்த வரிசையில், எந்த வேகத்தில் என்று கணக்குப் போட்டு எடுத்தார்கள். 1950-களிலும் 60-களிலும் நடந்த அந்த வேலையில் கரைச்சுவர், கிடங்கு, தண்டவாளம், பாலம் எல்லாம் சேர்ந்து ஒன்றரை மீட்டருக்கும் மேலாகக் கீழே இறங்கின. துறைமுகம் மூடப்படவில்லை. கப்பல்கள் வந்துபோய்க்கொண்டிருந்தன.

2017 மே மாதம், ஜார்க்கண்டில் தன்பாத்துக்கு அருகிலுள்ள ஜரியா நகரில், ஒரு கடைவாசலில் தரை திடீரென்று வாய் திறந்தது. ஒரு தகப்பனும் மகனும் உள்ளே போனார்கள். அடியில் எரிந்துகொண்டிருந்த நெருப்பின் வெப்பமும் வாயுவும் மீட்பு வேலையையே தடுத்தன. இருவரும் பிழைக்கவில்லை.

இரண்டு இடத்திலும் புவியீர்ப்பு ஒன்றுதான். அடியிலிருந்து நிலக்கரியை எடுத்தால் மேலே நிலம் உள்வாங்கும் என்ற விதியும் ஒன்றுதான். பிறகு ஏன் ஓரிடத்தில் அது பொறியாளரின் கருவியாகவும் இன்னோரிடத்தில் எமனாகவும் இருக்கிறது? பணக்கார நாடு, ஏழை நாடு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அந்த விடையில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் எனக்கு அது போதவில்லை. நிலத்தடியில் என்ன நடந்தது என்பது சுரங்கம் நடத்துபவருக்கு மட்டுமே தெரியும். மேலே வீடு கட்டி வாழ்பவருக்குத் தெரியாது. தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டிருக்க, தெரியாதவரிடம் போய் ‘உன் வீட்டு விரிசலுக்குச் சுரங்கம்தான் காரணம் என்று நிரூபி’ என்று கேட்கிறோம். நிரூபிக்கும் பொறுப்பைத் தெரிந்தவர் பக்கம் மாற்றிவைத்த நாடுகளில் வரைபடம், அளவீடு, மணல் நிரப்பல் எல்லாம் அதோடு கைகோத்தே நடந்தன. மாற்றாத இடங்களில் எத்தனை கோடி ஒதுக்கினாலும் காரியம் நகரவில்லை. இன்று நான் நிலைநாட்ட நினைப்பது இதைத்தான்.

முதலில் நிலம் எப்படி உள்வாங்குகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் நமக்குப் பழக்கமான நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். அங்கே நிலம் கண்ணெதிரே போய்விடுகிறது. நிலத்தடிச் சுரங்கத்தில் நிலம் இருப்பது போலவே இருக்கும். நிலக்கரி எடுக்க அங்கே பெரும்பாலும் இரண்டு முறைகள். ஒன்று நீள்சுவர் முறை. நூறு, இருநூறு மீட்டர் அகலத்துக்கு மேற்பட்ட முகப்பு ஒன்றை இயந்திரம் சீராக வெட்டிக்கொண்டு முன்னேறும். பின்னால் விட்டுவந்த இடத்தில் கூரை தானாக இடிந்து விழ விட்டுவிடுவார்கள். மேலே நிலம் ஓர் அகன்ற தாம்பாளம் போல மெல்லக் குழியும். வெற்றிடத்தை எதைக் கொண்டும் நிரப்பாவிட்டால், எடுத்த அடுக்கின் கனத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரைகூட மேற்பரப்பு இறங்கலாம் என்று பிரிட்டனில் கண்டார்கள். அங்கிருந்த தேசிய நிலக்கரி வாரியம் பல இடங்களில் அளந்து சேர்த்ததை 1966-ல் ஒரு கையேடாகவே வெளியிட்டது. ஆழம், அகலம், கனம் இந்த மூன்றையும் கொடுத்தால் எந்தத் தெரு எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. இறக்கத்தின் பெரும்பகுதி முகப்பு கடந்துபோன சில மாதங்களுக்குள் முடிந்தும் விடுகிறது.

ஒரு வீடு கீழே இறங்குவதாலேயே உடைந்துவிடுவதில்லை. ஒரு தெரு முழுவதும் சமமாக ஒரு மீட்டர் இறங்கினால், சாக்கடைக்காரரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தாம்பாளத்தின் விளிம்பில் நிலம் இழுபடுகிறது, நடுவில் நசுங்குகிறது. ஒரு மீட்டர் நீளத்துக்குச் சில மில்லிமீட்டர் இழுபட்டாலே செங்கல் சுவர் பிளந்துவிடும். நடுவில் மாட்டிய தார்ச்சாலை மேடு தட்டி எழும்பும். ஆகவே எவ்வளவு இறங்கும் என்பதைவிட, விளிம்பு எங்கே விழும் என்பதுதான் வீட்டுக்காரருக்கு முக்கியமான கேள்வி. அதற்கான விடை சுரங்க அலுவலகத்தில் உள்ள வரைபடத்தில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை.

இன்னொன்று தூண் முறை. ஜரியாவிலும் மேற்கு வங்கத்து ராணிகஞ்சிலும் நடந்தது பெரும்பாலும் இதுதான். சதுரங்கப் பலகை போல நிலக்கரியைக் கட்டம் கட்டமாக வெட்டி, இடையிடையே தூண்களை விட்டுவைப்பார்கள். தூண் நிற்கும்வரை மேலே ஒன்றும் தெரியாது. பத்து வருடம் நிற்கலாம், எண்பது வருடமும் நிற்கலாம். தூணின் ஓரங்கள் உதிர்ந்து, தண்ணீரில் ஊறி, அல்லது நெருப்பில் வெந்து என்றைக்கு ஒடியும் என்று எந்தக் கையேடும் சொல்லாது. மேலே முப்பது, நாற்பது மீட்டர் பாறைதான் இருக்கிறது என்றால் தாம்பாளக் குழிவு வராது. கிணறு போல நேராகத் திறக்கும். இங்கே ஒரு முரண் இருக்கிறது. முழுதாக எடுத்துவிட்ட நிலக்கரியைவிட, பாதி எடுத்துப் பாதி விட்டுவைத்ததே வீடுகளுக்குப் பெரிய ஆபத்து. அப்படிப்பட்ட இடத்தில் பாதுகாப்பு ஒன்றே ஒன்றுதான்: தூண்கள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு பருமன், எத்தனை அடுக்கு என்று துல்லியமாகக் காட்டும் வரைபடம்.

அந்த வரைபடம் ஜரியாவில் ஏன் இல்லை? 1890-களில் ரயில் பாதை வந்த பிறகு அங்கே தனியார் சுரங்கங்கள் பெருகின. சுமார் 450 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள். பலவும் மிகக் கனமானவை, மேற்பரப்புக்கு மிக அருகில் இருப்பவை. எஃகு ஆலைக்கு வேண்டிய கோக் நிலக்கரி இந்தியாவில் முக்கியமாக இங்கேதான் கிடைக்கிறது. குத்தகை எடுத்தவர் எளிதில் கிடைத்ததை வாரிக்கொண்டு போனார். தூண்களையும் மெலியச் செதுக்கினார். 1916-ல் பௌரா சுரங்கத்தில் முதல் நிலத்தடி நெருப்பு பதிவானது. நிலம் உள்வாங்கி விரிசல் விடும். விரிசல் வழியாகக் காற்று இறங்கும். காற்றுப் பட்ட நிலக்கரி தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். பற்றியது தூணை எரிக்கும். எரிந்த தூண் ஒடிந்து மறுபடி நிலம் உள்வாங்கும். இந்தச் சக்கரம் நூறு வருடங்களுக்கு மேலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆட்சியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. வெற்றிடங்களில் மணல் நிரப்ப வேண்டும் என்பதற்காக 1939-லேயே தனிச் சட்டம் வந்தது. தாமோதர் ஆற்று மணலைத் தண்ணீரோடு கலந்து குழாய் வழியே கீழே இறக்கி நிரப்பும் முறை அது. ஒழுங்காகச் செய்தால் மேற்பரப்பு மிகக் கொஞ்சமே இறங்கும். அதற்காக நிலக்கரி மீது தீர்வைகூட வசூலித்தார்கள். மணல் நிரப்பியதற்கும் நிரப்பாததற்கும் உள்ள வித்தியாசத்தை மேலே வாழும் ஒருவரால் சரிபார்க்க முடியுமா? முடியாது. சட்டம் இருந்தது, அது நடந்ததா என்று கேட்கும் அதிகாரம் பாதிக்கப்படுபவர் கையில் இல்லை. சட்டம் மட்டும் போதுமென்று நினைப்பவர்கள் இந்த 1939-ஐ மறந்துவிடக்கூடாது.

1971 முதல் 1973 வரை சுரங்கங்கள் அரசுடைமை ஆயின. அந்தத் தேசியமயச் சட்டங்களில் அதிகம் பேசப்படாத ஒரு விதி உண்டு. முந்தைய உரிமையாளரின் பழைய பொறுப்புகள் அவருக்கே உரியவை. அரசையோ அரசு நிறுவனத்தையோ கட்டுப்படுத்தா. அதாவது தூணில் இருக்கும் நிலக்கரி அரசுக்குச் சொத்தாக வந்தது. அந்தத் தூணின் பலவீனம் வரவில்லை. அதைச் சுமக்க யாரும் இல்லை. பழைய முதலாளி எப்போதோ போய்விட்டார். என் பார்வையில், இன்றைய ஜரியாவின் பாதித் துயரம் இந்த விதிக்குள் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான பாதையைப் பார்ப்போம். 1865-ல், ரூர் பகுதி அடங்கியிருந்த பிரஷ்யா ஒரு சுரங்கச் சட்டம் கொண்டுவந்தது. சுரங்கத்தால் நிலத்துக்கு வந்த சேதம் அனைத்துக்கும் உரிமையாளர் முழு இழப்பீடு தர வேண்டும். அவர் மீது குற்றம் இருக்கிறதா, அது முன்கூட்டித் தெரிந்திருக்குமா என்ற கேள்விகளுக்கே இடமில்லை. அப்போதும் சேதம் சுரங்கத்தால்தான் வந்தது என்பதைக் காட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். பிறகு 1980-ல் மேற்கு ஜெர்மனி இயற்றிய கூட்டாட்சிச் சுரங்கச் சட்டத்தின் 120-ஆம் பிரிவு அதையும் திருப்பிப் போட்டது. சுரங்கத்தின் பாதிப்பு எல்லைக்குள் நிலம் இறங்கியோ இழுபட்டோ நசுங்கியோ பிளந்தோ, தன்மையில் சுரங்கச் சேதமாக இருக்கக்கூடிய ஒரு சேதம் வந்தால், அது அந்தச் சுரங்கத்தால் வந்தது என்றே சட்டம் கொள்ளும். இல்லை என்றால் சுரங்கம்தான் காட்ட வேண்டும். அதற்காக அளவீடு வைத்திருப்பது நிறுவனத்துக்கே லாபம் ஆகிவிட்டது. வீட்டை முன்கூட்டியே படம் பிடித்து வைப்பதும், தெருவுக்குத் தெரு மட்டம் பார்ப்பதும் தர்மச் செலவு அல்ல, தற்காப்புச் செலவு.

அமெரிக்கா நெடுங்காலம் வேறு வழியில் போனது. பென்சில்வேனியாவில் ஒரு நிலக்கரி நிறுவனம் 1878-ல் நிலத்தின் மேற்பரப்பை மட்டும் விற்றது. அடியிலுள்ள நிலக்கரியையும், அதை எடுப்பதால் வரும் சேதத்துக்கு வழக்குத் தொடரமாட்டோம் என்ற உறுதியையும் தனக்கு வைத்துக்கொண்டது. வீடுகள் உள்வாங்கும்படி சுரங்கம் வெட்டக்கூடாது என்று 1921-ல் மாநிலம் சட்டம் போட்டது. 1922-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். ஒரு தனி வீட்டுக்கு வரும் சேதம் பொதுச் சேதம் ஆகாது என்பது அவர் வாதங்களில் ஒன்று. நீதிபதி பிராண்டைஸ் மட்டும் தனித்து நின்று மறுத்தார். அதே மாநிலத்தின் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தை அதே நீதிமன்றம் 1987-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஏற்றுக்கொள்ள 65 வருடங்கள் ஆயின. தனி வீடு, பொதுச் சேதம் என்ற அந்தப் பிரிப்பு இன்னும் பல தலைகளுக்குள் இருக்கிறது. அது எங்கே தெளிவாகத் தெரியும் என்றால், சாலையையும் வீட்டையும் நாம் நடத்தும் விதத்தில்.

ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து தெற்கே போகும் ஹியூம் நெடுஞ்சாலைக்கு அடியில் ஏப்பின் சுரங்கம் நீள்சுவர் முறையில் நிலக்கரி எடுத்திருக்கிறது. சாலைக்குள் ஒளியிழைக் கம்பிகளைப் பதித்து, எங்கே நசுங்குகிறது என்று கண்காணித்தார்கள். அழுத்தம் போக வழி கொடுப்பதற்காகச் சாலையின் குறுக்கே முன்கூட்டியே பிளவுகள் வெட்டி வைத்தார்கள். வண்டிகள் மேலே ஓடிக்கொண்டுதான் இருந்தன. சாலைத்துறை எதிரே உட்கார்ந்து, கணக்கைக் காட்டு, கருவியைப் பதி, பிறகு வெட்டு என்று கேட்க முடிந்ததால் நடந்தது இது. சாலைக்கு ஒரு பொறியாளர் இருக்கிறார், ஒரு வக்கீல் இருக்கிறார், ஒரு கோப்பு இருக்கிறது. சாலையோரத்து ஓட்டு வீட்டுக்கு இந்த மூன்றும் இல்லை.

நம் நாட்டிலும் அதே கதை. தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதை, 34 கிலோமீட்டர், நிலத்தடி நெருப்பால் ஆபத்து என்று 2017 ஜூன் 15-ஆம் தேதி மூடப்பட்டது. அந்தத் தேதி பாதைக்கு உண்டு. இரு மருங்கிலும் இருந்த குடியிருப்புகளுக்கு அப்படியொரு தேதி வரவில்லை. 2019 பிப்ரவரியில் பாதை மறுபடி திறக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூடியது தவறா, திறந்தது தவறா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பொதுமக்களின் பார்வைக்கு அளவீடு இல்லாதபோது இரண்டையுமே நம்பிக்கையின் பேரில்தான் ஏற்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் குறை.

நம் சுரங்க விதிகள் ஒன்றுமே சொல்லவில்லை என்பதல்ல. பொதுச்சாலை, ரயில் பாதை, கட்டடம் இவற்றிலிருந்து கிடைமட்டமாக 45 மீட்டருக்குள் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்கிறது விதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாதிப்பு நேர்கீழாக மட்டும் நிற்பதில்லை. பக்கவாட்டில் ஒரு கோணத்தில் பரவுகிறது. ஐரோப்பியச் சுரங்கங்களில் அந்தக் கோணம் செங்குத்திலிருந்து சுமார் 35 பாகை. நம் பாறை இறுக்கமானது, இங்கே கோணம் குறைவு என்பார்கள். சரி, இருபது பாகை என்றே வைப்போம். இருநூறு மீட்டர் ஆழத்தில் வெட்டினால் பாதிப்பு ஏறக்குறைய 73 மீட்டர் தள்ளிப் போகும். நாற்பத்தைந்து என்ற எண், ஆழத்தைக் கேட்காத எண். வீட்டுக்காரர் அந்த எல்லைக்கு வெளியே இருந்தால், ‘உனக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை’ என்ற பதிலுக்கு அதுவே ஆதாரமாகவும் ஆகிவிடும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். நிரூபிக்கும் பொறுப்பைச் சுரங்கத்தின் மேல் போட்டால், அஸ்திவாரம் சரியில்லாமல் விரிந்த ஒவ்வொரு சுவரும் நஷ்டஈடு கேட்டு வரிசையில் நிற்கும் என்பது முதல் மறுப்பு. நியாயமான பயம்தான். ஜெர்மானியச் சட்டம் அதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் கட்டுமானக் குறை சேதத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று காட்டிவிட்டால் அந்த அனுமானம் விழுந்துவிடும். தவிர, அனுமானத்தைப் பயன்படுத்த வருபவர், கேட்டால் தன் கட்டட அனுமதியையும் அதன் ஆவணங்களையும் காட்ட வேண்டும். இரு பக்கமும் தன்னிடம் உள்ள காகிதத்தை மேசையில் வைக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இப்போது நம்மிடம் ஒரு பக்கம் மட்டும் வைக்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஜரியாவில் சேதம் செய்தவர்கள் அரை நூற்றாண்டுக்கு முந்தைய முதலாளிகள். இன்றைய நிறுவனம் ஏன் சுமக்க வேண்டும்? ரூர் பகுதியிலும் இதே கேள்வி உண்டு. 2000 ஜனவரியில் போஹும் நகரின் வாட்டன்ஷைட் பகுதியில், என்றோ கைவிட்ட ஒரு சுரங்கத்தின் மேல் பெரும் பள்ளம் திறந்து ஒரு கார் கொட்டகையை விழுங்கியது. 2013-ல் எஸ்ஸன் ரயில் நிலையத்தருகே தண்டவாளத்துக்கு அடியில் பழைய வெற்றிடங்கள் தெரிந்து ரயில்கள் ஊர்ந்து போயின. பிரஷ்யச் சட்டம் பிறந்த ஊரிலும் பழைய, ஆழமில்லாத, வரைபடமில்லாத வெற்றிடம்தான் பயமுறுத்துகிறது என்பதைக் கவனியுங்கள். என் பதில் இது: பழைய தூணில் மீந்த நிலக்கரியைத் தன் சொத்து என்று கணக்கில் எழுதுபவர், அதைத் தோண்டி விற்பவர், அந்தத் தூண் ஒடிந்தால் வரும் நஷ்டத்தையும் அதே கணக்கில் எழுத வேண்டும். சொத்து வேண்டும், கடன் வேண்டாம் என்பதைக் குடும்பப் பாகப்பிரிவினையில்கூட யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

மூன்றாவதாக, அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பட்டாவே இல்லை என்கிறார்கள். உண்மை. ஆசன்சோல் தொகுதியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஹராதன் ராய் 1997-ல் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக, 2009 ஆகஸ்டில் ஜரியாவுக்கு ரூ.7,112 கோடியும் ராணிகஞ்சுக்கு ரூ.2,661 கோடியுமாக, நெருப்பை அணைத்து மக்களை மறுகுடியமர்த்தும் பெருந்திட்டம் ஒப்புதல் பெற்றது. முதலில் நினைத்ததைவிடக் குடும்பங்களின் எண்ணிக்கை பெருகி, ஜரியாவில் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் பட்டா உள்ளவர்கள் சிறுபான்மை. திட்டத்தின் காலம் 2021-ல் முடிந்தது, வேலை முடியவில்லை. 2025 ஜூனில் ரூ.5,940 கோடிக்குத் திருத்திய திட்டம் வந்திருக்கிறது. இத்தனை வருடத் தாமதத்தின் பெரும்பகுதி, யார் தகுதியானவர், யார் இல்லை என்ற கணக்கெடுப்பில் போனது. நான் சொல்லும் அனுமானம் உரிமையைப் பற்றியதே அல்ல, காரணத்தைப் பற்றியது. இந்த இடம் ஆபத்தானது என்று தெரிந்தவர் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதற்குப் பட்டா எதற்கு? குழி பட்டா பார்த்துத் திறப்பதில்லை.

நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா, நிலக்கரி விலை ஏறிவிடாதா என்ற கேள்விக்கு அதிக நேரம் தேவையில்லை. இந்தியாவின் நிலக்கரியில் நிலத்தடிச் சுரங்கங்களின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. அதன் உண்மையான செலவைக் கணக்கில் சேர்ப்பதால் மின்கட்டணம் தாறுமாறாக ஏறிவிடாது. செலவை மறைப்பதால் அது குறைவதும் இல்லை. ரூர் பகுதியில் கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனால் தாழ்ந்துபோன நிலத்தில் தண்ணீர் தேங்காமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, என்றென்றைக்கும். அதற்காகவே 2007-ல் ஓர் அறக்கட்டளை நிறுவி, ஆண்டுதோறும் இருபது கோடி யூரோவுக்கு மேல் செலவிடுகிறார்கள். ‘நித்தியச் சுமை’ என்று அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே, கணக்கை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. நிலத்தடிச் சுரங்க உற்பத்தியை 2030-க்குள் பத்து கோடி டன்னாக உயர்த்த மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. திறந்தவெளிச் சுரங்கம் காட்டையும் வயலையும் தின்பதைவிட இது மேல் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஒழுங்காகத் திட்டமிட்ட நீள்சுவர் முறை, பழைய தூண் முறையைவிட மேலே இருப்பவர்களுக்கு நேர்மையானது என்றும் சொன்னேன். ஆனால் புதிய சுரங்கங்களின் மேலும் ஊர்கள் இருக்கும், சாலைகள் இருக்கும். பிரிட்டனில் கைவிடப்படும் சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி 1872-லேயே வந்துவிட்டது. இன்றைக்கு அங்கே நிலக்கரி வட்டாரத்தில் வீடு வாங்குபவர், பணம் கட்டும் முன்பே, அடியில் என்ன வெட்டியிருக்கிறார்கள் என்ற அறிக்கையை வாங்கிப் படிக்கிறார். ஜரியாவிலோ ராணிகஞ்சிலோ வீடு வாங்குபவர் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்கிறார்.

நம் நிலக்கரிச் சட்டங்களில் அந்த ஜெர்மானிய 120-ஆம் பிரிவுக்கு இணையான விதி இல்லை. இந்த அவையில் சட்டம் படிக்கும் இளைஞர்கள் பலர் இருக்கிறீர்கள். அந்தப் பிரிவை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அரைப் பக்கத்தைத் தாண்டாது.